முதுகுப் பக்கத்து வசனம்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் நலம், அசதியைத் தவிரச் சொல்லிக்கொள்ளும்படி நோய் ஒன்றும் இல்லை. நீ எப்படி இருக்கிறாயோ அப்படியே எழுது, நலம் என்றால் நலம், இல்லை என்றால் இல்லை. சொல்வது நான், எழுதுவது உன் தங்கை. ஆஸ்பத்திரிச் சலவை இயந்திரத்திலிருந்து ஈரப் போர்வைகளை இழுத்து இழுத்து வலது மணிக்கட்டு வீங்கிக் கிடக்கிறது, பேனா பிடித்தால் சுருக்கென்று குத்துகிறது. நான் வாய்க்கு வந்தபடி சொல்லிக்கொண்டே போகிறேன், இவள் அதைப் புத்தகத்தில் வருவதுபோல மாற்றி மாற்றி எழுதுகிறாள். படித்துக் காட்டினாள், யாரோ காலேஜ் வரைக்கும் போன அம்மா பேசுவதுபோல இருந்தது. 'என்னடி, என் வாயில வேற யாரோ பேசுறா' என்றேன். 'விஷயம் உன்னோடதுதாம்மா, நீ மேல சொல்லு' என்றாள். இருக்கட்டும், உனக்குப் புரிந்தால் போதும்.

சில ஞாயிறுகளாக உன்னிடமிருந்து போன் இல்லை. காரணம் எனக்குத் தெரியும். அப்பா அன்றைக்குக் கோபத்தில் 'பெத்தவளை ஊர் சிரிக்க வெச்சுட்டு அங்க உட்கார்ந்து என்ன ஜப்பானைக் கிழிக்கிறே' என்று போனில் பேசிப் பதிந்து அனுப்பிவிட்டார். அனுப்பிய பிறகு அவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது, ஆனால் அதை வாய் திறந்து சொல்கிற மனுஷனா அவர். ஞாயிற்றுக்கிழமை ஆனால் போனுக்கு முழுதாகச் சார்ஜ் ஏற்றி, மேசையில் தண்ணீர்ச் செம்பின் மேல் சாய்த்து வைத்து, பனியனோடு இருந்தால் நீ கேலி செய்வாய் என்று சட்டையும் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்துவிடுகிறார். கேட்டால் 'வேன்காரப் பசங்க யாராவது கூப்பிடுவாங்க' என்கிறார். எந்தப் பசங்களும் ஞாயிற்றுக்கிழமை இவரைக் கூப்பிட்டதில்லை.

அவருடைய பள்ளிக்கூட வேன் நன்றாக ஓடுகிறது, முழங்கால்தான் ஓட மறுக்கிறது. வேனில் வரும் வாண்டுகளுக்கும் உங்கள் ஜப்பான் கார்ட்டூன் பைத்தியம் தொற்றிக்கொண்டது. தலையில் ரிப்பனைக் கட்டிக்கொண்டு நடு சீட்டில் ஏறி நின்று சண்டை போடுகிறார்களாம், அதில் ஒரு பொடியன் ஒவ்வொரு உதைக்கும் ஜப்பானிய மொழியில் எதையோ கத்துகிறானாம். ஏதாவது கெட்ட வார்த்தையாக இருந்தால் அவன் வீட்டில் நம்மையல்லவா கேட்பார்கள் என்று அப்பா பயந்துபோய்ச் சின்னவளிடம் வந்து கேட்டார். சாப்பிட்டு முடித்தவுடன் நன்றியோடு சொல்கிற சொல்லாம் அது. 'அடப்பாவி, ஏப்பம் விடுறதுக்குத்தான் இந்த உதையா' என்றார். அன்றைக்குத்தான் அவர் கடைசியாகச் சிரித்தது.

சின்னவளைப் பற்றிச் சொன்னால் எழுதுவாளோ மாட்டாளோ. அவள் அறைச் சுவரில் சுண்ணாம்பு தெரியவில்லை, எல்லாம் அந்த மொழியின் எழுத்துகள்தான். பல் விளக்கும்போது நுரையோடு ஒப்பிக்கிறாள், அப்பா கையில் எதையாவது கொடுத்தால் இடுப்பை வளைத்துக் குனிகிறாள். பள்ளிக்கூட இலக்கிய மன்றத்தில் ஜப்பான் கார்ட்டூனுக்கு அசல் குரலா தமிழ் டப்பிங்கா என்று பட்டிமன்றம் வைத்தார்களாம், அசல் கட்சிக்கு இவள்தான் தலைவி. எதிர்க்கட்சிப் பெண் எழுந்து 'தமிழ்ல பேசினா உங்களுக்கு மட்டும் காது கூசுதா' என்று கேட்டதும் கூட்டம் முழுக்கக் கைதட்டியதாம், இவளுக்கு மனப்பாடம் செய்ததெல்லாம் மறந்துவிட்டது. தமிழ் ஆசிரியை 'ரெண்டு கட்சியும் பரீட்சையில பாஸாகுங்க, அதுதான் என் தீர்ப்பு' என்று முடித்துவிட்டார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டாள். பேசும்போது உன்னைத்தான் உதாரணம் சொன்னாளாம், எங்கள் அண்ணன் ஜப்பானிலேயே ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து கார்ட்டூன்களுக்கு வசனம் மொழிபெயர்த்துக் கொடுக்கிறார் என்று.

சரி, உனக்கும் எனக்கும் நடந்ததற்கு வருகிறேன். அந்தக் கலங்கரை விளக்கக் கார்ட்டூன் கதையை நான் எங்கே பார்க்கிறேன் என்று உனக்குத் தெரியும். சலவைப் பிரிவில் நாங்கள் சாப்பிடும் அறையில் ஒரு பழைய டிவி இருக்கிறது, மத்தியானம் அதில் தமிழில் வரும். விளக்கைப் பார்த்துக்கொள்கிற பையன், படகோட்டுகிற அவன் அண்ணன், ஒரு நாள் படகு மட்டும் கரைக்கு வருகிறது, சித்தப்பா வாசலில் வந்து நின்று, 'உங்கண்ணனுக்குத் தூர ஊர்ல நல்ல வேலை கிடைச்சிருக்கு, சொல்லிக்கக்கூட நேரமில்லாம கிளம்பிட்டான், சீக்கிரம் வந்துடுவான்' என்கிறார். நாங்கள் அத்தனை பேரும் அதை நம்பினோம். அதற்குப் பிறகு படத்தில் எந்தப் படகு வந்தாலும் யாராவது ஒருத்தி 'இந்தா வந்துட்டான்' என்பாள், இன்னொருத்தி 'இவன் இல்லடி, இவனுக்கு மீசை இருக்கு' என்பாள். எனக்கு அந்தப் பையனைப் பார்க்கும்போதெல்லாம் வீட்டில் இருக்கிற சின்னவள் ஞாபகம், வராத அண்ணனைப் பார்க்காமலே உன் ஞாபகம். அதனால்தான் அன்றைக்கு உன்னிடம், 'நீ முழுசாப் பார்த்தவன்தானே, அந்த அண்ணன் எப்பத்தான்டா திரும்பி வருவான்' என்று கேட்டேன். நீ சிரித்தாய். 'அவன் எப்பவோ கடல்ல செத்துட்டாம்மா' என்றாய். அப்புறம் டப்பிங் செய்கிறவர்களைத் திட்டத் தொடங்கினாய், கதையைக் கொன்றுவிட்டார்கள் என்றாய். நான் பாதி மடித்த தலையணை உறையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். போனை வைத்த பிறகும் அதை மடிக்கவில்லை.

அதை நீ உங்கள் ரசிகர் குழுவில் போட்டாய். எங்கம்மா இன்னும் அவனுக்காகக் காத்திருக்காங்க, டப்பிங் என்ன செய்யும்னு பாருங்க என்று. சின்னவள் மறைத்துத்தான் வைத்தாள், அப்பா கண்ணில் பட்டுவிட்டது. ஒருவர் 'அந்த அம்மாகிட்ட யாரும் உண்மையைச் சொல்லிடாதீங்கப்பா' என்று எழுதியிருந்தார், இன்னொருவர் 'பஸ் கிடைக்கலையாம், நாளைக்கு வந்துடுவான்னு சொல்லுங்க' என்று எழுதியிருந்தார். இரண்டாவதைப் படித்து எனக்கே சிரிப்பு வந்துவிட்டது, உண்மையாகத்தான் சொல்கிறேன். ஊர் சிரித்ததில் எனக்கு வருத்தம் இல்லை, அவர்களுக்கு என்னைத் தெரியாது. உனக்குத் தெரியும். ஒருத்தன் வருவான் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறவளிடம் அவன் செத்த கதையைச் சிரித்துக்கொண்டு சொன்னாயே, அதுதான் இன்னும் ஆறவில்லை.

நீ சொன்னது சரியா என்று பார்க்கலாம் என்று சனிக்கிழமை மத்தியானம் சின்னவளைக் கூப்பிட்டு அசலைப் போடச் சொன்னேன். கீழே ஓடுகிற எழுத்தைப் படிப்பதற்குள் அது ஓடிவிடுகிறது, அதனால் அவள் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள். சித்தப்பா வாசலுக்கு வந்தார். முதுகைக் காட்டிக்கொண்டு கடலைப் பார்த்து நின்றார். சின்னவள் ஒன்றும் சொல்லவில்லை. 'என்னடி, படி' என்றேன். 'அவர் எதுவும் பேசலம்மா' என்றாள். பையன் உள்ளே போய் அண்ணனுடைய கிண்ணத்தைக் கழுவி, துடைத்து, அலமாரியில் கவிழ்த்து வைத்தான், அவ்வளவுதான். பேசாத இடத்தில் எப்படித் தமிழில் அவ்வளவு வசனம் வந்தது என்று கேட்டேன். முகம் தெரிந்தால் வாயசைவுக்கு ஏற்றபடி பேச வேண்டும், முதுகைக் காட்டும்போது எதை வேண்டுமானாலும் பேசவைக்கலாம், சின்னப் பிள்ளைகள் பார்ப்பார்கள் என்று மாற்றியிருப்பார்கள் என்றாள். நான் அழுதேன், மறைப்பானேன். ஆனால் அழுது முடித்த பிறகு இத்தனை நாள் இருந்த பரபரப்பு போய்விட்டது. இனி எந்தப் படகையும் எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. அந்த விஷயத்தில் நீ சொன்னது சரிதான், ஒத்துக்கொள்கிறேன்.

திங்கட்கிழமை சாப்பாட்டு அறையில் இதை மற்றவர்களிடம் சொல்வதா வேண்டாமா என்று எனக்குள் பெரிய போராட்டம். கடைசியில் போர்வை மடிக்கும் மேசையில் எனக்கு எதிரே நிற்கிற பெரியக்காவிடம் மட்டும் காதில் சொன்னேன். அவள் மடிப்பை விடாமல், 'தெரியும்டி, என் தங்கச்சி மகன் அப்பவே சொல்லிட்டான். சாப்பிடற நேரத்துல எதுக்கு அது, அரை மணி நேரம் அவளுக சந்தோஷமா இருக்கட்டும்' என்றாள். அவளே படகு வரும்போது எல்லோருக்கும் முன்னால் 'இந்தா வந்துட்டான்' என்பவள். அதைக் கேட்ட பிறகு டப்பிங்காரர்களைத் திட்டவும் எனக்கு மனது வரவில்லை. அலுத்துப்போய் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு அப்படியும் ஒன்று வேண்டியிருக்கிறது. உங்கள் குழுவில் இதற்கு என்ன பதில் சொல்வார்களோ.

ஆனால் பெற்ற பிள்ளையிடமிருந்து அந்த முதுகுப் பக்கத்து வசனம் எனக்கு வேண்டாம். நீ வேலையைப் பற்றிப் பேசும்போது என்ன செய்கிறாய் என்று உனக்குத் தெரிகிறதா. வேலை எப்படிப்பா இருக்கு என்று கேட்டதும் 'இங்க பாரும்மா, தெருவைப் பாரு' என்று போனைத் திருப்பிச் சன்னலைக் காட்டுகிறாய். பிறகு உன் குரல் மட்டும் வருகிறது, அலுவலகம், மேசை, வசனம், பாராட்டு என்று. நான் அந்தத் தெருவில் ஒரு மிதிவண்டி நிற்பதைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொள்கிறேன். நீ முகத்தைக் காட்டும்போது நான் பார்ப்பது வேறு. எங்கள் பிரிவில் முடி விழக்கூடாது என்று எலாஸ்டிக் வைத்த தொப்பியைப் புருவம் வரை இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும், வேலை முடிந்து கழற்றினால் நெற்றியில் ஒரு சிவப்புக் கோடு விழுந்திருக்கும், முகம் கழுவினாலும் உடனே போகாது. அந்தக் கோடு உன் நெற்றியில் இருக்கிறது. ஒரு முறை என்றால் விட்டிருப்பேன், நீ கூப்பிட்ட ஒவ்வொரு ஞாயிறும் இருந்தது. சின்னவளிடம் சொன்னேன், 'அங்க தொப்பி ஃபேஷன்மா' என்றாள். மேசை வேலைக்கு எவன் அப்படித் தொப்பி போடுகிறான்.

நீ நிற்பது என்ன ஆலை, என்ன வேலை என்று எனக்குத் தெரியாது. மொழித் தேர்வில் தேறினாயா, எத்தனை மணி நேரம் நிற்கிறாய், அங்கே யாராவது உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்களா, ஒன்றும் தெரியாது. எந்த வேலையும் எனக்கு இளப்பம் இல்லை, அதே தொப்பியைப் போட்டுக்கொண்டுதான் உங்கள் இருவரையும் வளர்த்தேன். அந்தக் கதைகள் மேல் ஆசைப்பட்டுத்தான் நீ போனாய், நாங்கள் தடுக்கவில்லை, ஆசைப்பட்ட இடத்தில் கஷ்டப்படுவது ஒன்றும் குற்றம் இல்லை. தோற்றுவிட்டேன் என்று நீ நினைத்துக்கொண்டு எங்களிடம் ஜெயித்த கதையைச் சொல்கிறாயே, அதைக் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனேன்.

நான் ஒருத்தி என்றால் இதை இப்படியே விட்டிருப்பேன். சின்னவளுக்கு இது பள்ளியில் கடைசி வருடம். ஜப்பானில் நீ படித்த அதே மொழிப் பள்ளிக்குத்தான் போவேன் என்று நிற்கிறாள், பள்ளி முடிவதற்குள் நான் சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்ல வேண்டும். அப்பா பாதி மனதாகத் தலையாட்டிவிட்டார். அவள் நம்பியிருப்பது உன் சொல்லை மட்டும்தான். உன் அலுவலகத்தில் தனக்கும் ஒரு மேசை கிடைக்கும் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறாள். இந்த இடம் வந்ததும் பேனாவை வைத்துவிட்டாள். 'இதை நான் எழுத மாட்டேம்மா, அண்ணன் அப்படியெல்லாம் இல்ல' என்றாள். எழுதித்தான் ஆக வேண்டும் என்றேன். பேனாவைத் திரும்ப எடுத்து இப்போது எழுதுகிறாள். எழுத்து முதல் பக்கத்தில் இருந்தது போலக் குண்டு குண்டாக இல்லை, பார்த்தாலே உனக்குத் தெரியும்.

அவளை அனுப்பக்கூடாது என்று நான் முடிவு கட்டிக்கொண்டு உன்னைச் சாட்சிக்குக் கூப்பிடவில்லை. நீ உள்ளதைச் சொல்லி, அதைக் கேட்ட பிறகும் அவள் போகிறேன் என்றால் நானே பெட்டி கட்டித் தருவேன். தெரியாமல் போகக்கூடாது, அவ்வளவுதான். நீ தெரியாமல்தான் போனாய், அங்கே போய் இறங்கிய முதல் வாரம் உனக்கு எப்படி இருந்திருக்கும் என்பதை நீ எங்களுக்குச் சொன்னதே இல்லை.

குளிர் நாளில் காதை மூடிக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு, நின்றுகொண்டு சாப்பிடாதே. சலவைக்கு வந்து கிழிந்துபோன பருத்தித் துணியில் கைக்குட்டை அகலத்துக்கு இரண்டு பட்டை தைத்து இந்த உறையில் வைத்திருக்கிறேன், தொப்பிக்கு உள்ளே நெற்றிப் பக்கம் கொடுத்துக்கொண்டால் எலாஸ்டிக் வெட்டாது. தொப்பியே போடவில்லை என்றால் முகம் துடைக்க வைத்துக்கொள். அப்பாவுக்கு நீ ஒன்றும் பதில் சொல்ல வேண்டாம், உன் குரல் கேட்டால் அவர் கோபம் தானே போய்விடும். உடம்பும் மனதும் குறைவில்லாமல் நீ நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், எங்கே இருந்தாலும், எந்த வேலையில் இருந்தாலும் எங்கள் இருவர் ஆசியும் உனக்கு உண்டு.

மறக்காதே, வருகிற ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. மணி அடித்தால் நானோ அப்பாவோ எடுக்க மாட்டோம், அவரிடமும் சொல்லிவிட்டேன். சின்னவள்தான் எடுப்பாள். எதைச் சொல்வதானாலும் அவள் முகத்தைப் பார்த்து அவளிடம் சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா