கலியபெருமாளுக்கு ஒரு வீடு

4-7-1966
கலியபெருமாள் வேலூர் ஜெயிலிலிருந்து வந்துவிட்டான். ஆறு வருஷம் கழித்து மகனைக் கட்டிப்பிடிக்கப் போனேன். என் முழங்கை இடித்து அவன் மூக்கில் ரத்தம். அப்பன் கொடுத்த வரவேற்பு. படுக்க செஞ்சியில் என் சைக்கிள் கடையில் இடம். வாய்க்கால் சண்டையில் இவன் ஜெயராமனை மண்வெட்டியால் வெட்டிச் சாய்த்தான்; ஊரில் இருந்த வீட்டை ஜெயராமனின் ஆட்கள் அன்றைக்கே கொளுத்திவிட்டார்கள்.

6-7-1966
அவலூர்பேட்டை போனேன். மருமகள் வள்ளியம்மாளும் பேத்தியும் அங்கே, அவள் அண்ணன் தனகோட்டி வீட்டில். "டியூபு டயருக்கு நடுவுலயா மாமா என் தங்கச்சி குடித்தனம் பண்ணும்? தனி வாசலா ஒரு வூடு காட்டுங்க, அனுப்பறேன்" என்றான். பேத்தி கதவுக்குப் பின்னால் நின்று, "எங்க நைனா இன்னும் ஆள வெட்டுமா தாத்தா?" என்றது. பஸ் வந்துவிட்டது என்று ஓடி வந்தேன். பஸ் வரவில்லை.

9-7-1966
செஞ்சியில் வீடு இல்லை. கொலைகாரனுக்கு இல்லை. ஒருத்தர் நாயை அவிழ்த்துவிட்டார். வேட்டியும் தொடையும் கிழிந்தன. வேட்டிதான் புதுசு.

14-7-1966
நூர் முகமது பாய் வீடு தருகிறார். "உம் மவன் கை நீட்டுவானா துரைக்கண்ணு?"
"நான் ஜவாப்தாரி பாய்."
"அவன் யாரையாச்சும் அடிச்சான்னு சேதி வந்தா, அன்னிக்கே சட்டிபானை தெருவுல."
எங்கள் வம்சமே கை கட்டிக்கொள்ளப் பிறந்தது என்றேன். சிரித்தார்.

15-7-1966
ஆடி பிறப்பதற்குள் பால் காய்ச்சிவிட்டோம். அவசரத்தில் அடிப்பிடித்தது.

17-7-1966
"ஆடி பொறந்துடுச்சே மாமா. ஆடியில பொண்ண புருஷன் வூட்டுக்கு அனுப்புவாங்களா?" என்கிறான் தனகோட்டி. அது புதுப்பெண்ணுக்குச் சொன்ன வழக்கம் இல்லையா? ஆறு வருஷ ஆடி போதாதா என்று கேட்டேன். நெஞ்சில் கை வைத்துத் தள்ளினான். வாசல்படியில் பின்மண்டை. வள்ளியம்மாள்தான் தூக்கிவிட்டாள். தடுக்கி விழுந்ததாக மகனிடம் சொன்னேன்.

22-7-1966
ஜெயராமனின் தம்பி பச்சைமுத்து கடைக்கு வந்து மகன் முன்னால் நின்றான். "வூடு புடிச்சிருக்கியாமே. எங்கண்ணனுக்கு நீ புடிச்ச வூடு சுடுகாட்டுல இருக்குது." அறைந்தான். மறுபடி அறைந்தான். உதடு கிழிந்து ரத்தம் ஒழுக என் மகன் உட்கார்ந்தே இருந்தான்.

25-7-1966
இது வார்டர் கொடுத்த தாள். வீடு தேடி அலைந்ததில் எனக்கும் ஒன்று கிடைத்தது, செஞ்சி சப்-ஜெயிலில்.
நேற்று பச்சைமுத்து கத்தியோடு வந்தான். மகனின் தோளைக் கிழித்தான். மகன் எழுந்தான் — அந்த முகம் — வாய்க்கால் ஓரத்தில் பார்த்தேனே, அதே முகம். அவன் கை ஓங்கினால் வீடும் போச்சு, பெண்டாட்டி பிள்ளையும் போச்சு. எங்கையில காத்தடிக்கிற பம்பு இருந்துச்சு. முந்திக்கிட்டேன். தாடை ஒடஞ்சது காதுல கேட்டுச்சு. சரி, அதோட நிறுத்தக் கூடாதா? கீழ விழுந்தவன எதுக்கு இன்னொரு அடி? அதுக்கப்புறம் இன்னொன்னு? மகன்தான் என்னை இழுத்துப் பிடித்தான். "போதும் நைனா. செத்துடுவான்."
மகனுக்கு நான் ஜவாப்தாரி. எனக்கு யார் என்று பாய் கேட்கவே இல்லை.

28-7-1966
மகன் வந்து சொன்னான்: பச்சைமுத்து பிழைத்துக்கொண்டான். கஞ்சியைக் குழாயில் ஊற்றுகிறார்களாம். எனக்கும் சோறு இறங்கவில்லை. பாய் காலி பண்ணச் சொல்லவில்லை. "அடிச்சது உங்கப்பன். அவனுக்கா நான் வூடு குடுத்தேன்?" என்றாராம்.

1-8-1966
மகன், வள்ளியம்மாள், பேத்தி மூன்று பேரும் பார்க்க வந்தார்கள். அவள் மகன் வீட்டுக்குக் கிளம்பியபோது தனகோட்டி வழி மறித்தானாம். வள்ளியம்மாள் அரிவாள்மணையைத் தூக்கிக்கொண்டு நின்றாளாம். எங்கள் குடும்பத்துக்கு ஏற்ற மருமகள்தான்.
கம்பி வழியாகக் கை நீட்டினேன். பேத்தி என்னைக் கண்டு அலறி, அவள் நைனாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு பின்னால் ஒளிந்துகொண்டது. திரும்பிப் போகும்போதும் அவனை விடவில்லை.