மாப்பிள்ளையின் பத்து விரல்கள்

என் தங்கையைக் கட்டிய மாப்பிள்ளைக்கு,

இரண்டு வருடத்துக்கு முன் உச்சி வெயிலில், "மச்சான், என் அச்சகத்துத் தகரக் கூரையில வெறுங்கால்ல நடங்க பாப்போம்" என்று உசுப்பேற்றியது நீதான். முந்நூறு அடி ராஜா மாதிரி நடந்தேன். முப்பது என்பவன் பொய்யன். வலிக்கவேயில்லை. சர்க்கரை காலை மரக்கடித்திருந்தது யாருக்குத் தெரியும்? நீ கைதட்டினாய்.

வெந்த காலோடு போன ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டரே என் தைரியத்தைப் பார்த்து எழுந்து நின்றார். வீடு வந்தபின் இடது காலுக்கு மட்டும் ஒரு அளவு சின்னச் செருப்பு வாங்குகிறேன். அந்தப் பேச்சு வேண்டாம். நீ பார்க்கக்கூட வரவில்லை.

இப்போது உனக்கும் சர்க்கரையாம். "ஆணி குத்தியும் தெரியலேன்னு பெருமையடிக்கிறாருண்ணே" என்று தங்கச்சி அழுதாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை கால் பரிசோதனைக்கு உன் பெயரைக் கொடுத்துவிட்டேன். கண்ணை மூடச் சொல்லி, நர்ஸ் நைலான் நரம்பால் உள்ளங்காலைத் தொடுவாள். உனக்குத் தெரியாது. நான் எதிரே உட்கார்ந்து சிரிப்பேன்.

அப்புறம் தினமும் வருவேன். கண்ணாடி பிடித்து உன் பாதத்தையும் விரலிடுக்கையும் பார்ப்பேன். நீ பத்து விரலோடு கிழவனாகி, என் காலைப் பார்த்துக் கூசிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு விரல் குறைந்தாலும் எனக்குக் கணக்குத் தீராது.

உன்னை மன்னிக்காத,
மச்சான்