தாமதமாக வந்தவள் நீ இல்லை

என் கண்ணு தனலட்சுமி,

அன்றைக்கு நம் வீட்டுக் கூடத்தில் இருந்தது ஐந்து பேர். உன் புருஷன் செந்தில், என் கொழுந்தனார் பெரியசாமி, நிச்சயம் ஆகியிருந்த என் மகள் கலா, நான், கதவோரம் நின்ற நீ. யார் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்றுகூடச் சொல்வேன்.

மார்பில் கட்டி என்று நீ என்னிடம் சொன்னதை நான் கூடத்தில் சொன்னேன். "பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போடா." செந்தில் எழுந்தே நின்றுவிட்டான். "யாராச்சும் பாத்துட்டா? குடும்பத்துல அந்த வியாதி இருக்குன்னு மாப்ள வூட்டுல கலாவ வேணாம்னுடுவாங்க. கல்யாணம் முடியட்டும்." பெரியசாமி தலையை ஆட்டினார்.

உன்னைப் பெரம்பலூர் பக்கம் அசலில் எடுத்தோம். எங்களுக்கும் உனக்கும் ஒரு சொட்டு ரத்த உறவு கிடையாது. மருமகளுக்கு வந்தது மகளுக்கு எப்படி வரும்? அத்தனை பேரில் ஒருத்தருக்காவது அதைக் கேட்கத் தோன்றியதா? நானும் வாயை மூடிக்கொண்டு மஞ்சளும் வேப்பிலையும் அரைத்து உனக்குப் பத்து போட்டேன்.

கல்லங்குறிச்சிக் கோயிலில் கலா கழுத்தில் தாலி ஏற நாலு மாதம் ஆயிற்று. பந்தியில் வாளியைத் தரையில் வைத்துவிட்டு இடது கையால் சாம்பார் ஊற்றினாய். "பீச்சாங்கையால ஊத்துறியேடி, உங்க ஊருல இதான் பழக்கமா?" என்று ஒருத்தி கேட்டாள். நீ சிரித்தாய். வலது கையைத் தூக்க முடியவில்லை என்பது எனக்கு மட்டும் தெரியும். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிக்குப் போய் என்ன? அடுத்த பொங்கலுக்கு நீ இல்லை.

சேதி ஒன்று சொல்ல வேண்டும், சிரிக்காதே. மூன்றாம் வகுப்போடு நின்ற உன் அத்தை இப்போது புற்றுநோய் ஆராய்ச்சி மையத்தில் உறுப்பினர்.

மெடிக்கல் காலேஜைச் சேர்ந்த மையம் அது. ஜெயங்கொண்டத்தில் முகாம் போட்டு, வீட்டில் ஆளைப் பறிகொடுத்தவர்களை விசாரித்து ஃபாரம் நிரப்பினார்கள். உன் ஆஸ்பத்திரிச் சீட்டைப் பார்த்த பெண் கேட்டது: "உங்க மருமக ரொம்பத் தாமதமா வந்திருக்காங்களே, ஏம்மா? பயமா, தூரமா, தெரியாமலா?"

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. செத்தவள் மேலேயா பழி? "அவ தாமதமா வரல. நாங்க வுடல. அதுக்கு உங்க காயிதத்துல கட்டம் இருக்கா?" என்றேன். இல்லை.

அந்தச் சத்தம் மையத்தின் தலைமை டாக்டரம்மா காதுவரை போயிருக்கிறது. ஊர்க்காரர்கள் சார்பாகக் கமிட்டியில் உட்கார வாங்க என்று ஆள் அனுப்பினார்.

போன வாரம் முதல் கூட்டம். என் கழுத்தில் படம் போட்ட அட்டை. பாதி நேரம் இங்கிலீஷ். என் முன்னால் அதே ஃபாரம், பயம், தூரம், தெரியாமை என்று அதே மூன்று கட்டம்.

"நாலாவது ஒண்ணு போடுங்க. யாரு தடுத்தாங்கன்னு கேளுங்க."

கண்ணாடி போட்ட டாக்டர் ஒருவர், "வீட்டு விஷயத்தை யாரும் சொல்ல மாட்டாங்க பாட்டி" என்றார்.

"ஊரு ஊராப் போயி, பல்லு தேய்ச்சியா, பொயில போட்டியான்னு கேக்குறீங்க. இத மட்டும் கேக்க வெக்கமா சார்? மொத ஃபாரத்த எங்கிட்ட குடுங்க."

டாக்டரம்மா பேனாவை எடுத்து நாலாவது கட்டத்தை வரைந்து என் பக்கம் தள்ளினார். எழுத்துக் கூட்டி எழுதினேன்: கணவர். பேரையும் எழுதப் போனேன். "பேரு வேணாம்மா, உறவு போதும்" என்று தடுத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்தால் செந்தில் வாசலிலேயே பிடித்துக்கொண்டான். "நம்ம வூட்டு மானத்த அங்க போயி வித்துட்டு வந்தியா?"

"ஆமாடா. அத வச்சுக்கிட்டுத்தான் அவளப் பொதச்சோம்."

இனி, கல்யாணம் முடியட்டும், அறுப்பு முடியட்டும் என்று எந்த வீட்டில் ஒருத்தியை நிறுத்தி வைத்தாலும் அந்த வாசலில் அட்டையோடு போய் நிற்பேன். அவளைப் பஸ் ஏற்றிவிட்டுத்தான் திரும்புவேன். இது உனக்குக் கொடுக்கும் வாக்கு.

தன் கல்யாணத்தால்தானே என்று கலா அழுதே மெலிந்தாள், அவளை மன்னித்து விட்டுவிட்டேன். பெரியசாமி போய்ச் சேர்ந்துவிட்டார். பத்து போட்ட இந்தக் கையை மன்னிப்பதும் மன்னிக்காததும் உன் இஷ்டம். ஃபாரத்தில் இடமில்லாத பேரை இங்கே எழுதுகிறேன். பத்து மாதம் சுமந்து பெற்றவன்தான், ஆனாலும் சாகும்வரை மன்னிக்க மாட்டேன். செந்தில்.

உன் அத்தை
ராஜாமணி