அக்காவுக்குரிய மீன்தலை

ஹாஅப்பாய்
மார்ச் 4, 1996

அன்பு மகள் லெசீலிக்கு,

இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லை. தலைநகரில் நீயும் அப்படியே இருப்பாய் என்று எண்ணிக்கொள்கிறேன். வெள்ளிக்கிழமைப் படகில் உங்கள் சுகாதார அலுவலகத்திலிருந்து துண்டறிக்கைக் கட்டு வந்தது. பாதி நனைந்திருந்தது. இனிமேல் பிளாஸ்டிக்கில் சுற்றி அனுப்பச் சொல். போன முறையும் இதைத்தான் எழுதினேன்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எப்போதும்போல நான் எழுந்து நின்று வாசித்தேன். பாறையோரத்துப் பெரிய மீன்களில் நஞ்சு சேரலாம், சமைத்தாலும் போகாது, பார்த்தாலும் ருசித்தாலும் தெரியாது, தலையும் ஈரலும் சினையும் தின்னவே கூடாது. எல்லாம் சரி. அதற்குக் கீழே ஒரு வரி: 'நம் தீவுகளில் இதனால் மரணம் எதுவும் பதிவாகவில்லை.' அதை நான் வாசிக்கவில்லை. தாளை மடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். முன்வரிசையில் ஃபிலிமோனே கையில் ஒரு தாளை வைத்துக்கொண்டு கூடவே படித்துக்கொண்டிருந்தான். "என்ன சோசயா, பல்லு போனதோட ஒரு வரியும் போயிடுச்சா?" என்றான். சிரித்தார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. இப்போதெல்லாம் எதுவும் வருவதில்லை.

உன் அம்மா எதனால் போனாள் என்று உனக்குத் தெரியும். நவம்பரில் அவள் தம்பி மனாசே வீட்டு விருந்தில் அந்தக் கலவா மீனை நாங்கள் எல்லோரும் தின்றோம். எல்லோருக்கும் வாந்தி, வாயெல்லாம் மரத்துப்போனது. பிழைத்துக்கொண்டோம். தலை மட்டும் அக்காவுக்கு உரியது என்று முழுதாகப் பீசிலாவின் முன்னால் வைத்தான். முறைப்படிதான் வைத்தான். அவளும் மிச்சம் வைக்காமல் தின்றாள். குளிர்ந்த தண்ணீரைக் கொடுத்தால் சுடுகிறது என்று தட்டிவிட்டாள். பிறகு கொடுக்கவும் வேண்டியிருக்கவில்லை.

நர்ஸ் லவீனியா மரணச் சீட்டு எழுத வந்தபோது இதயம் நின்றுவிட்டது என்று எழுதச் சொன்னவன் நான்தான். இன்றைக்குக் கேட்டாலும் அதையே சொல்வேன். தம்பி செய்த மரியாதையில் அக்கா செத்தாள் என்று காகிதத்தில் எழுதினால் மனாசேவால் உயிரோடு நடமாட முடியாது. அதற்காக, இங்கே யாரும் சாகவில்லை என்பதை என் வாயால் வாசிக்கவும் மாட்டேன். நீ அங்கேதானே வேலை பார்க்கிறாய். அந்த வரியை எடுக்கச் சொல். சின்ன வேலை.

உன் அப்பா,
சோசயா


நுக்குஅலோஃபா
மார்ச் 17, 1996

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். அடுத்த கட்டைப் பிளாஸ்டிக்கில் சுற்றி நானே கட்டித் தருகிறேன். கால்வீக்கம் எப்படி இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை.

அந்த வரியை எழுதியது நான்தான் அப்பா. யாரோ எழுதியதாக நீங்கள் நினைத்துக்கொண்டிருக்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு தீவின் மருத்துவ நிலையமும் மாதாமாதம் அனுப்பும் அறிக்கைகள் எங்களிடம் வருகின்றன. அவற்றையும் வெளிநாட்டு ஆய்வுகளையும் வைத்துக்கொண்டு நான் எழுதுகிறேன். பிறகு மூன்று பேர் தனித்தனியாகப் படிக்கிறார்கள். இரண்டு மருத்துவர்கள், ஒருவர் மீன்வளத் துறைக்காரர். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், இது எங்கிருந்து வந்தது என்று நான் எழுதிக் காட்ட வேண்டும். காட்ட முடியாத வரியை அடித்துவிடுவார்கள். மரணங்கள் உண்டா என்று பார்த்தேன். நம் தீவின் அறிக்கையில் நவம்பர் மாதத்தில் ஒரு பெண், இதயம் என்று இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே அந்த வரியை எழுதினேன். எழுதி முடித்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போனேன். சாப்பிடவும் செய்தேன்.

எனக்குத் தெரியும் என்று நான் சொன்னால் அது செல்லாது. சொந்தக்காரர் சம்பந்தப்பட்ட விஷயம் வந்தால் அறையை விட்டு எழுந்து போய்விட வேண்டும் என்பது எங்கள் விதி. அதனால் என்னால் எதையும் எடுக்க முடியாது. லவீனியா பதிவைத் திருத்தி அனுப்பினால் அவர்கள் பார்ப்பார்கள். அம்மா என்ன சாப்பிட்டாள், எந்தத் துண்டு, கூடச் சாப்பிட்டவர்களுக்கு என்ன ஆனது என்று நீங்கள் லவீனியாவிடம் சொன்னால் போதும். மாமாவின் பெயர் துண்டறிக்கையில் வராது. யாருடைய பெயரும் வராது.

செய்வீர்களா அப்பா?

அன்பு மகள்,
லெசீலி


ஹாஅப்பாய்
மார்ச் 30, 1996

மகள் லெசீலிக்கு,

கால் வீங்கியபடியேதான் இருக்கிறது.

நான் நாலாம் வகுப்போடு நின்றவன். படகு இன்ஜினைக் கழற்றி, அதன் கையேட்டைப் பார்த்தே ஆங்கிலம் படித்தேன். பழைய போதகர் விட்டுப்போன வைத்திய அகராதியை அட்டை கிழியும்வரை படித்திருக்கிறேன். உன் கடிதமும் எனக்குப் புரிந்தது. செத்தவளின் மகள் வெளியே போக வேண்டும், அவளைப் பார்த்தே இராத மூன்று பேர் உள்ளே உட்கார்ந்து அவள் எதனால் செத்தாள் என்று பேச வேண்டும். இதற்குப் பெயர் விதி. அம்மாவின் பேச்சு வரும்போது எழுந்து போகிறவளுக்கு நான் என்ன எழுதுவது?

பெயர் வராது என்கிறாய். இந்தத் தீவில் நவம்பரில் இறந்த பெண் ஒருத்திதான். பெயர் எதற்கு? தலைத்துண்டு என்று எழுதினாலே கொடுத்தவன் யார் என்று எழுதினது போலத்தான். அக்காவுக்குத் தலையை வேறு யார் கொடுப்பார்கள்?

நீ மனாசேவை அடக்கத்தன்று பார்த்தாய். கிழிந்த பெரிய துக்கப்பாயை இடுப்பிலிருந்து காதுவரை உடுத்திக்கொண்டு பின்கட்டில் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். சகோதரி செத்தால் சகோதரன் இருக்க வேண்டிய இடம் அதுதான், அவள் முகத்தைப் பார்க்க முன்னால் வரக் கூடாது. அந்தப் பாயை அவன் இன்னும் கழற்றவில்லை. மற்றவர்கள் எல்லோரும் சின்னப் பாய்க்கு மாறிவிட்டார்கள். அவன் கிழங்கு கொண்டுவருகிறான், நான் வாங்கி வைக்கிறேன். இப்படித்தான் போகிறது.

நான் லவீனியாவிடம் போக மாட்டேன். வரியை எடு.

சோசயா


நுக்குஅலோஃபா
ஏப்ரல் 21, 1996

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் 'உன் அப்பா' என்று எழுதாமல் கையெழுத்துப் போட்டிருந்ததைப் பார்த்தேன்.

இந்த மாத அறிக்கைகளில் வடக்குத் தீவொன்றில் இரண்டு பெண்கள் மீன் நஞ்சால் படுத்திருக்கிறார்கள். வெவ்வேறு வீடுகள். ஒருத்தி நிறைமாதம். இரண்டு பேரும் அக்காமார். இரண்டு பேருக்கும் தம்பிகள் தலையைக் கொடுத்திருக்கிறார்கள். அங்கிருக்கிற நர்ஸ், தலை தின்னக் கூடாது என்று துண்டறிக்கையில் இருக்கிறதே என்று கேட்டாளாம். "இதனால யாரும் சாகலைன்னும் அதுலயே போட்டிருக்கே" என்று ஒரு தம்பி சொன்னானாம். அதை அப்படியே அறிக்கையில் எழுதி அனுப்பியிருக்கிறாள்.

நான் எழுதிய வரி அது. அதைச் சும்மா எடுத்துவிட்டால் போதாது. அந்த இடத்தில் வேறு ஒன்று இருக்க வேண்டும். அக்காவுக்கென்று கொடுக்கிற துண்டில்தான் நஞ்சு அதிகம், அது கொல்லும் என்று இருக்க வேண்டும். அப்படி எழுத எனக்கு ஒரு பதிவு வேண்டும்.

அதனால் மாமாவுக்கு எழுதிவிட்டேன். சகோதரியின் பிள்ளை எதைக் கேட்டாலும் தாய்மாமன் மறுக்கக் கூடாது என்பது நம் வழக்கம். நான் இதுவரை அவரிடம் எதையும் கேட்டதில்லை. இதைக் கேட்டேன்.

உங்களிடம் சொல்லாமல் செய்ததாக இருக்கக் கூடாது என்று இதே படகில் இதையும் அனுப்புகிறேன்.

அன்பு மகள்,
லெசீலி


ஹாஅப்பாய்
மே 6, 1996

லெசீலிக்கு,

உன் இரண்டு கடிதங்களும் ஒரே நாளில் வந்தன. மனாசேவுக்குக் கண் மங்கிப்போய்விட்டது. அது உனக்குத் தெரியாது. அவனுக்கு வந்ததை வாசித்துக் காட்டச் சொல்லி என்னிடமே கொண்டுவந்தான். நீ அவனிடம் கேட்டதை நான்தான் அவனுக்கு வாசித்தேன். ஒரு வரியும் விடவில்லை.

அவன் வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். "அவ்வளவுதானா?" என்றான்.

"அவ்வளவுதான்."

"பிள்ளை கேட்டுட்டா அத்தான். நான் என்ன பண்ண?"

"முடியாதுன்னு சொல்லு. நான் எழுதிடறேன்."

"அக்கா மகளுக்கா?" என்றான்.

மறுநாள் அவன் மருத்துவ நிலையத்துக்குப் போனான். அக்காவின் உடம்பைப் பற்றித் தம்பி வாய் திறப்பது நம்மிடையே இல்லை. அதனால் அவன் உள்ளே வரவில்லையாம். ஜன்னலுக்கு வெளியே நின்று கடலைப் பார்த்தபடி சொன்னானாம். லவீனியாவும் திரும்பிப் பார்க்காமல் எழுதிக்கொண்டாளாம். எந்தப் பாறையில் பிடித்தான், மீன் எவ்வளவு பெரியது, யார் யார் தின்றார்கள், தலை யாருக்கு. கடைசியில் கையெழுத்துக்காகக் காகிதத்தை ஜன்னல் வழியாக நீட்டியிருக்கிறாள். அவள்தான் என்னிடம் வந்து சொன்னாள். அழுதாள். நான் அவளுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு மனாசேவின் படகு கரையில் கவிழ்த்துப்போட்டபடியே கிடக்கிறது.

உன் அம்மா அவனிடம் ஒரு பன்றிக்குட்டிகூடக் கேட்டதில்லை. கேட்கும் உரிமை இருந்தும் கேட்டதில்லை. நீ கேட்டாய். உனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. விடுமுறைக்கு வருவதாக முன்பு எழுதியிருந்தாய். வர வேண்டாம்.

சோசயா


நுக்குஅலோஃபா
ஆகஸ்ட் 25, 1996

அன்புள்ள அப்பாவுக்கு,

ஜூனிலும் ஜூலையிலும் எழுதினேன். பதில் இல்லை. இதற்கும் இருக்காது என்று நினைத்துக்கொண்டேதான் எழுதுகிறேன்.

லவீனியா அனுப்பிய பதிவைப் பார்க்க மூவர் குழு கூடியது. என் அம்மாவின் விஷயம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு நான் வெளியே போய்விட்டேன். நடைபாதையில் ஒரு பெஞ்சு இருக்கிறது. உள்ளே பேசுவது காதில் விழாது. மழை பெய்தது, ஓட்டில் விழும் சத்தம்தான் கேட்டது. எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. காலையில் உலர்த்தப் போட்ட துணி நனையுமே என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

மீனின் துண்டு எதுவும் சோதனைக்குக் கிடைக்கவில்லை, அதனால் நிச்சயம் என்று சொல்ல முடியாது என்று மருத்துவர்களில் ஒருவர் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லையாம். கூடத் தின்ற எல்லோருக்கும் ஒரே அறிகுறி, தலை தின்றவர் மட்டும் இறந்திருக்கிறார், இதைவிட என்ன வேண்டும் என்று மீன்வளத் துறைக்காரர் கேட்டிருக்கிறார். பேசிப் பேசி ஒரு சொல்லில் வந்து நின்றார்கள். இப்போது அந்த இடத்தில் இப்படி இருக்கிறது:

'நம் தீவுகளில் ஒரு பெண் இதனால் இறந்திருக்கக்கூடும். அவர் மீனின் தலையை உண்டார். மரியாதைக்குரியவர்களுக்குத் தலையைக் கொடுக்காதீர்கள்.'

இறந்திருக்கக்கூடும். அது உங்களுக்குப் பிடிக்காது. எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் அவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதைவிடக் கூட்டி எழுதினால் அடுத்த முறை யாரும் எங்களை நம்ப மாட்டார்கள்.

வடக்குத் தீவுப் பெண்ணுக்குப் பிரசவம் ஆகிவிட்டது. தாயும் பிள்ளையும் நலம். துண்டறிக்கைக் கட்டைப் பிளாஸ்டிக்கில் சுற்றியிருக்கிறேன்.

அன்பு மகள்,
லெசீலி


ஹாஅப்பாய்
நவம்பர் 18, 1996

மகள் லெசீலிக்கு,

கட்டு நனையாமல் வந்தது.

உடனே வாசிக்கவில்லை. உன் அம்மா போய் வருஷம் திரும்பட்டும் என்று வைத்திருந்தேன். போதகர் இரண்டு தடவை கேட்டுவிட்டார். போன ஞாயிறு வாசித்தேன். உங்கள் மூன்று பேர் அனுப்பியதை ஒரு எழுத்துகூட மாற்றாமல் வாசித்தேன். இறந்திருக்கக்கூடும் என்பதையும் வாசித்தேன். அந்தச் சொல் தப்பு. நீ எத்தனை விளக்கம் எழுதினாலும் தப்புதான். மனாசே ஒரு வருஷத்துக்குப் பிறகு அன்றுதான் கோயிலுக்குள் வந்திருந்தான், கதவோரம் நின்றான்.

முடித்ததும் தாளை மடித்தேன். பின்வரிசையில், வேறு தீவிலிருந்து வாழ வந்த பெண் ஒருத்தி, விவரம் தெரியாதவள், "யாருங்க அந்தப் பொம்பளை?" என்று கேட்டாள். அவளைப் பக்கத்தில் இருந்தவள் இடித்தாள். ஃபிலிமோனே தலையைக் குனிந்துகொண்டான்.

"என் பொண்டாட்டி பீசிலா" என்றேன். "கூடும் இல்ல. செத்தா."

கேட்டாள், சொன்னேன். உனக்காகச் சொல்லவில்லை. மனாசே வெளியே போகவில்லை. பாட்டு முடியும்வரை நின்றான். பிறகு என்னோடு வீடுவரை நடந்து வந்தான். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இன்னும் தோன்றவில்லை.

அவன் மகளுக்கு டிசம்பரில் கல்யாணம். மணப்பெண்ணின் அத்தையை மரியாதையாக உட்காரவைக்கும் மேல்பாயில், உன் அம்மா இல்லாததால், நீ உட்கார வேண்டும். அவன் உன்னை அழைக்கிறான். அவனால் எழுத முடியாததால் நான் எழுதுகிறேன். இது அவன் அழைப்பு. என்னுடையது இல்லை. மே மாதம் நான் எழுதியது எழுதியதுதான். மீன் கிடையாது, பன்றி மட்டும்தான் என்று உன்னிடம் சொல்லச் சொன்னான்.

வந்தால் அவன் வீட்டில் தங்கு. படகு வெள்ளிக்கிழமைதான் வருகிறது. நான் துறைக்கு வர மாட்டேன். படகு வருவது இங்கிருந்தே தெரியும்.

உன் அப்பா,
சோசயா