என் மொழி தெரிந்த இரண்டாவது ஆள்

இலண்டன்
12.3.1989

அன்புள்ள ஐயாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? நான் நல்ல சுகம்.

கம்பியூட்டருக்கு நான் உருவாக்கிய புது மொழியை நான் வேலை செய்யும் கந்தோரில் காட்டினேன். இருநூறு வரி வேலை இருபதில் முடிந்தது! மனேஜர் வியந்தார், ஆனாலும் மறுத்தார். நான் விலகினால் அதைத் திருத்த வேறு ஆள் இல்லையாம். எவரும் பாவிக்காததை எவர் படிப்பார்? எவரும் படிக்காததை எவர் பாவிப்பார்?

விடுவேனா? பக்கத்து மேசையில் இருக்கும் குருநகர் அருமைநாயகி அக்காவுக்குச் சாப்பாட்டு நேரங்களில் படிப்பித்தேன். நேற்று, "பிள்ளை, ஓடி வா! நான் எழுதினது வேலை செய்யுது!" என்று கத்தினார். பிறகு அவரே மனேஜரிடம் போனார். சின்ன வேலையொன்றை எங்கள் மொழியில் செய்ய மனேஜர் சம்மதித்துவிட்டார், ஐயா!

அம்மாவிடம் மிளகாய்த்தூள் அனுப்பச் சொல்லுங்கள். அதை ஊர்ப் பத்திரிகையில் சுற்றுங்கள், பழையதென்றாலும் வாசிப்பேன். பஸ் வருகிறது, இத்துடன் நிறுத்துகிறேன்.

உங்கள் மகள்
குணலட்சுமி