துப்பட்டா காந்தம்

பாலக்கரை, திருச்சி
3.2.2025

அன்புள்ள மச்சானுக்கு,

ஸலாம். நடுக்கடல் எண்ணெய்த் தளத்தில் போன் எடுக்காது, ஆபீஸ் மெயில்தான் கதி. இதை எப்போது பார்ப்பீர்களோ! ஊசி குத்தித் துணி கிழிகிறது என்று துப்பட்டாவுக்கு ஜோடிக் காந்தம் அனுப்பினீர்களே, அதை அனிஷா முழுங்கிவிட்டாள். இரண்டையும்தான். "ஒண்ணு அப்பவே, ஒண்ணு இப்பத்தான்" என்று சிரிக்கிறாள் உங்கள் மகள். பக்கத்து வீட்டு லூர்துராணி அக்கா, "ஆட்டோ வந்துருச்சு, கிளம்பு" என்று வாசலில் நிற்கிறார். உங்களைக் கேட்காமல் நான் எதைச் செய்திருக்கிறேன்? ஆஸ்பத்திரிக்குப் போகவா? உடனே எழுதுங்கள்.

ஷஹனாஸ்

4.2.2025

அன்பு ஷஹனாஸ்,

பயந்தாங்கொள்ளி! சின்ன வயதில் நான் எட்டணாவை முழுங்கினேன், மூன்றாம் நாள் தானாக வந்துவிட்டது. இது அதைவிடச் சின்னது. வாழைப்பழம் கொடு. ஆஸ்பத்திரிக்குப் போனால் பிள்ளையைப் பாடாய்ப்படுத்துவார்கள். என் கண்ணுக்கு ஒரு முத்தம்.

கலீம்

6.2.2025

மச்சான்,

ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து எழுதுகிறேன். நீங்கள் சொன்னபடி பழம் கொடுத்தேன். நேற்றிலிருந்து பச்சை பச்சையாக வாந்தி, வயிறு கல்லாகிவிட்டது. ஸ்ரீரங்கத்து டாக்டரம்மா எக்ஸ்ரேயைப் பார்த்துத் திட்டித் தீர்த்துவிட்டார். "காசு மாதிரி இல்லம்மா இது! குடலோட ரெண்டு மடிப்புல இருந்துகிட்டு ஒண்ணையொண்ணு இழுக்கும். நடுவுல மாட்டின குடல் ஓட்டையாயிடும். அன்னைக்கே வந்திருந்தா வாய்வழியா குழாய் விட்டே எடுத்திருக்கலாமே!" இப்போது வயிற்றைத் திறக்கிறார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டேன். "அத்தா வரட்டும்" என்று அழுதுகொண்டே உள்ளே போனாள்.

ஷஹனாஸ்

6.2.2025

ஷஹனாஸ்,

ஹெலிகாப்டர் ஞாயிற்றுக்கிழமைதானாம். சூப்பர்வைசர் காலில் விழாத குறை. சுற்றிலும் தண்ணீர், நான் எங்கே ஓடுவேன்? பாவி, நான்தானே தடுத்தேன். பிள்ளை எப்படி இருக்கிறாள்?

கலீம்

7.2.2025

நல்லதோ கெட்டதோ, ஒரு வார்த்தை எழுது தாயே.

கலீம்

9.2.2025

மச்சான்,

அல்ஹம்துலில்லாஹ், அனிஷா உயிரோடு இருக்கிறாள். குடலில் ஒரு சாண் வெட்டி எடுத்துவிட்டார்கள். தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாதாம். உதட்டை நனைத்துவிடுகிறேன், இன்னும் கொஞ்சம் என்று கெஞ்சுகிறாள். என்னால் பார்க்க முடியவில்லை.

"காத்திருக்கச் சொன்னது யாரும்மா?" என்று டாக்டரம்மா கேட்டார். நான்தான் என்றேன். பொய்யில்லையே. ஆட்டோ வாசலில் நின்றது. உங்கள் பதில் வரட்டும் என்று போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நான்தான்.

உங்கள் மேல் கோபமில்லை. வாருங்கள், மகள் தேடுகிறாள். தையல் போட்ட இடத்தில் கசிகிறதாம், நாளைக் காலை மறுபடி ஆபரேஷன். போகவா என்று கேட்டு எழுதவில்லை மச்சான். தெரிவிக்கிறேன், அவ்வளவுதான்.

ஷஹனாஸ்