சைலன்சர் உடைந்த சாட்டு

ஆகஸ்ட் 3, 2025. கனகராயன்குளம்

அக்கா போன் எடுத்தாள். மகள் மேனுகாவின் கலியாணத்துக்கு அப்பாவின் பழைய ஒஸ்ரின் கார் வேண்டுமாம். பெட்டை அதில்தான் கோயிலுக்குப் போவேன் என்று நிற்கிறாளாம்.

"சைலன்சர் உடைஞ்சு போச்சு. செத்தவீட்டுக்குக்கூட ஆகாது" என்றேன்.

"கார் கிடக்கட்டும். நீயாவது வாவன், தம்பி."

வெறும் சாட்டு என்று அவளுக்குத் தெரியும். அவளுடைய புருசன் யோகநாதன் நிற்கிற முற்றத்தில் நான் கால்வைத்துப் பதினாறு வருடம்.

ஆகஸ்ட் 5

சந்திவரை காரை எடுத்தேன். கழன்ற சைலன்சர் அடித்துக்கொண்டே வருகிறது. ஒன்று பாரமாக, ஒன்று லேசாக. அம்மாவின் நடை. இடக்கால் கட்டை என்பதால் அந்தச் செருப்பின் அடியில் ரயர்த் துண்டு வைத்து, செம்பாணி அடித்து, அப்பா உயர்த்திக் கொடுப்பார்.

பாதி வழியில் திரும்பிவிட்டேன்.

ஆகஸ்ட் 6

அதே கனவு. தருமபுரத்தில் அம்மா இருந்த வீடு. வெளியே பூட்டு. உள்ளே அந்த நடை.

2009 தை மாதம், கடைசிச் சண்டை நேரம், நான் வவுனியாவில் அகப்பட்டு நின்றேன். அம்மாவை இந்தக் காரில்தான் யோகநாதன் கூட்டிப்போனார் – போனதாகச் சொல்கிறார். விசுவமடுவில் சைலன்சர் அறுந்து இழுபட்டதாம். "மாமி தன்ர உயர்ந்த செருப்பைக் கழற்றித் தந்தவா. அதின்ர ரயரை வெட்டிக் குழாயைக் கட்டிக்கொண்டு காருக்குக் கீழ கிடந்தனான். செல் விழுந்தது. மாமி பாலைமரத்தடியில…"

செருப்பைக் கழற்றிக் கொடுத்தாவாம்! நடக்கமாட்டாத மனுசியைத் தருமபுரத்தில் விட்டுவிட்டு நெல்மூட்டை ஏற்றிப்போனவர் கட்டிய கதை. கார் பிறகு திரும்பிக் கிடைத்தது. அம்மா?

ஆகஸ்ட் 9

என் மனைவி சுமித்திரா வவுனியாவிலிருந்து புதுச் சைலன்சரோடு பஸ்ஸில் வந்து இறங்கினாள். பிள்ளை மாதிரி மடியில் வைத்திருந்தாளாம்.

"இஞ்சாருங்கோ, இனி என்ன சாட்டு? வயித்துக்குத்தோ?"

கராஜுக்கு விடமாட்டேன். நானே மாற்றுவேன். ஆறுதலாக. கலியாணம் முடிந்த பிறகு முடிந்தால் போதும்.

ஆகஸ்ட் 16

நட்டெல்லாம் துருவில் இறுகிவிட்டது. மண்ணெண்ணெய் விட்டிருக்கிறேன். ஊறட்டும்.

ஆகஸ்ட் 21

காரை ஜக்கில் உயர்த்தி, மரக்குற்றி கொடுத்து, கீழே போய்ப் படுத்தேன். இந்தக் காருக்குக் கீழே நான் படுத்தது இதுதான் முதல் தடவை. கராஜ்காரர் பின்பக்கம் ஒட்டுப்போட்டதோடு சரி. பின்சீற்றுக்கு நேரே கீழே, கம்பிச் சுற்றுக்குள் கறுப்பாக ஒரு பட்டை, குழாயைத் தாங்கிக்கொண்டு. ரயர். இரும்பு அறுக்கிற வாளால் கம்பியை அறுத்தேன். நெஞ்சில் விழுந்தது. துடைத்துப் பார்த்தேன்.

விளிம்பில் செம்பாணி. வரிசையாக.

அப்பா அடித்தது.

அப்ப அம்மா காரிலதான் இருந்தவா? தருமபுரத்தில விடேல்லையோ? அப்ப அந்தப் பூட்டின வீட்டுக்குள்ள இவ்வளவு காலமும் நடந்தது ஆர்?

"என்ன, சத்தத்தைக் காணேல்லை? உயிரோட இருக்கிறியளே?" – தேத்தண்ணியோடு சுமித்திரா. வெளியே வர முடியவில்லை. அந்தாளும் இப்படித்தான் கிடந்திருப்பார், இந்தப் பட்டையைக் கட்டிக்கொண்டு.

ஆகஸ்ட் 22

மாற்றி முடிந்தது. ஸ்ரார்ட் பண்ணினேன். நடை இல்லை. பயமாயிருந்தது.

ஆகஸ்ட் 28

ஸ்கந்தபுரம், அக்கா வீடு. கார் வந்தது ஒருவருக்கும் கேட்கவில்லை. யோகநாதன் படலையடியில் வாழைமரம் கட்டிக்கொண்டு நின்றார். பட்டையை அவர் கையில் வைத்தேன். ஆணிகளை விரலால் ஒவ்வொன்றாகத் தடவினார்.

"மற்றச் செருப்பை மாமியோடயே பாலையடி மண்ணில தாட்டனான்."

மேனுகாவைக் கோயிலுக்கு நான்தான் ஓட்டிப்போனேன்.

ஆகஸ்ட் 29

அத்தானை முன்சீற்றில் ஏற்றிக்கொண்டு விசுவமடுவுக்குப் போனேன்.

"இஞ்சதான், நிப்பாட்டு."

பாலைமரம் இல்லை. அடிக்கட்டை இருந்தது. என் செருப்பைக் காருக்குள் கழற்றி வைத்துவிட்டு இறங்கினேன்.